கம்பை எங்கே நிறுத்துகிறீர்கள்? (தூண்டில் கேள்வி - பதில்)

சென்ற இதழில் ஃபிளை தூண்டிலைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களும் வட்ஸ்அப் குரல் பதிவுகளும் இந்த மாதப் பகுதி முழுவதையும் பிடித்துக்கொண்டன. வலை, படகு என்று வேறு கேள்வி அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த முறை பார்ப்போம். புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு விளக்கம்: ஃபிளை என்பது இறகு, மயிர், மினுங்கும் நூல் இவற்றை வெறும் முள்ளில் சுற்றிக் கட்டிய போலி இரை. ஈயம் கட்டாத இரை என்பதால் அதை எறிய முடியாது. அதைச் சுமந்து போகிற தடித்த லைனைத்தான் எறிகிறோம். வந்த குழப்பங்களில் பாதி இதை மறப்பதால் வருகிறது.

கே: கனடாவிலிருந்து மச்சான் ஒன்பது அடி நீளத்தில் எட்டாம் நம்பர் கம்பும் றீலும் கொண்டுவந்து தந்தார். இருபது வருடமாகத் தங்கூசியில் ஈயம் கட்டி எறிகிறவன் நான், எண்பது யார் தூரம் சும்மா போகும். இதில் எவ்வளவு பலமாக வீசினாலும் லைன் இடியப்பம் மாதிரி என் காலடியில் விழுகிறது. கம்பு பழுதா, நான் பழுதா? (உப்புவெளி)

ப: கம்பு பழுதில்லை. நீங்களும் பழுதில்லை. உங்கள் பலம்தான் பிரச்சினை.

தங்கூசியில் பாரம் நுனியில் இருக்கிறது. ஈயம் பறக்கும், தங்கூசி அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃபிளை லைனில் பாரம் லைன் நீளத்துக்கும் பரவிக் கிடக்கிறது. கம்பின் நம்பர் அது சுமக்கிற லைனின் பாரத்தைக் குறிக்கும்; எட்டாம் நம்பர் லைனின் முதல் 30 அடி ஏறக்குறைய 13.6 கிராம். அந்தப் பாரத்தில் ஒரு ஈயக்குண்டு என்றால் விரலால் சுண்டியே எறிந்துவிடலாம், ஆனால் இது முப்பது அடிக்கு நீண்டு கிடக்கிற 13.6 கிராம். அந்த நீளம் உங்களுக்குப் பின்னால் காற்றில் நேராக விரிந்து நிற்கும்போதுதான் கம்புக்கு அதன் பாரம் தெரியும், கம்பு வளையும், வளைந்த கம்பு நிமிரும்போது லைன் முன்னால் போகும். பின்னால் லைன் விரிவதற்கு முன் நீங்கள் கையை முன்னால் இழுத்தால் கம்புக்கு இழுக்க ஒன்றும் இல்லை. அதுதான் இடியப்பம். சாட்டை மாதிரி 'டப்' என்று சத்தமும் கேட்டிருக்குமே? அந்தச் சத்தம் கேட்டால் நுனியில் ஃபிளை இருக்கிறதா என்று பாருங்கள், பல நேரம் இருக்காது.

சின்ன வயதில் வயல் களிமண்ணை உருண்டையாக்கி, வளையக்கூடிய பூவரசங் கம்பின் நுனியில் குத்தி எறிந்து விளையாடியிருப்பீர்கள். உருண்டை எப்போது பறந்தது? கையை வீசும்போது இல்லை. வீசி வந்த கையை நிறுத்தும்போது. நிறுத்தாமல் கீழே வரைக்கும் கொண்டுபோன பெடியனின் உருண்டை அவன் காலிலேயே விழும், எல்லோரும் சிரிப்போம். ஃபிளை வீச்சும் அதேதான். மெதுவாகத் தொடங்கி, வேகம் கூட்டிக்கொண்டே போய், சட்டென்று நிறுத்த வேண்டும். பின்வீச்சிலும் நிறுத்தம், முன்வீச்சிலும் நிறுத்தம். தலைக்கு மேலே பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டால், முன்னால் பதினொரு மணிக்குச் சற்று முன்னும் பின்னால் ஒரு மணியிலும் நிறுத்துங்கள். நீங்கள் அநேகமாகப் பின்னால் மூன்று மணி வரை, கம்பு நுனி மண்ணைத் தொடுகிற அளவுக்குக் கொண்டுபோகிறீர்கள். ஈயம் எறிந்து பழகிய கை அப்படித்தான் செய்யும், வீச்சுவலை எறிந்து பழகியவர்கள் இன்னும் மோசம், இடுப்பிலிருந்தே சுழன்றுவிடுகிறார்கள்.

நிறுத்திய பிறகு காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று ஒரு கணக்குச் சொல்ல முடியாது, வெளியே இருக்கிற லைன் நீளத்தைப் பொறுத்தது. 20 அடிக்கு ஒரு நொடிகூட வேண்டாம், 50 அடிக்கு ஒரு மூச்சு விடலாம். திரும்பிப் பாருங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, நான் இன்றும் பார்க்கிறேன்.

பழக்கத்துக்குக் கடல் வேண்டாம். பள்ளிக்கூட மைதானமோ புல் வளர்ந்த வெறுங்காணியோ போதும். முள்ளை வெட்டிவிட்டு நுனியில் விரல் நீளத்துக்குச் சிவப்புக் கம்பளி நூல் கட்டுங்கள். 30 அடி லைனை முன்னால் நேராக இழுத்துப் போட்டு, கம்பு நுனியைத் தரையோடு வைத்துத் தொடங்குங்கள். லைனில் தொய்வு இருந்தால் வீச்சின் பாதி அந்தத் தொய்வை எடுப்பதிலேயே போய்விடும். மணிக்கட்டு பின்னால் மடங்குகிறதா என்று தெரிய, கம்பின் அடிக்கட்டையைக் கைலேஞ்சியால் மணிக்கட்டோடு தளர்வாகக் கட்டிவிடுங்கள். மடங்கினால் கைலேஞ்சி இழுத்துச் சொல்லும். ஒரு நாளைக்கு இருபது நிமிடம். அதற்கு மேல் செய்தால் கை களைத்து, பிழையைத்தான் பழகும்.

ஒரு எச்சரிக்கை: விடியற்காலையில் திருகோணமலை டச்சுக் குடாப் பக்கம் பழகப் போனால் பின்னால் மான் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. ஒருநாள் எனக்குப் பின்வீச்சு நேரத்தில் மூன்று புள்ளிமான்கள் வந்து நின்று, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தன.

கே: நிலாவெளிக் கடற்கரையில் வீசுகிறேன். கச்சான் காற்று முதுகுப் பக்கமிருந்து அடிப்பதால் லைன் தானாகப் பறக்க வேண்டுமே? எனக்கு நேர்மாறாக, லைன் என் முதுகிலும் தொப்பியிலும் வந்து விழுகிறது. (நிலாவெளி)

ப: நல்ல கேள்வி. நானும் இரண்டு வருடம் இதே பிழையைச் செய்தேன். முதுகுக் காற்று உதவி என்று எல்லோரும் நினைக்கிறோம். முன்வீச்சுக்கு உதவிதான். ஆனால் முன்வீச்சுக்கு முதல் பின்வீச்சு இருக்கிறது, அது காற்றை எதிர்த்துப் போக வேண்டியிருக்கிறது. லைன் பின்னால் விரியாமல் காற்றில் மடிந்து உங்கள் மேலேயே வருகிறது.

இங்கே லூப் என்ற விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். லைன் காற்றில் போகும்போது பக்கத்திலிருந்து பார்த்தால் படுத்துக் கிடக்கிற கொண்டையூசி போல இருக்கும். மேல்கால் பறந்துகொண்டிருக்கும், கீழ்க்கால் கம்பு நுனியில் நிற்கும். ஊசி ஒடுக்கமாக இருந்தால் காற்றை வெட்டிக்கொண்டு போகும், அகன்றால் குடை விரித்த மாதிரி காற்றில் மாட்டும். ஒடுக்குவதும் அகட்டுவதும் கம்பு நுனி போகிற பாதையில் இருக்கிறது. நுனி நேர்கோட்டில் போய்ச் சட்டென்று நின்றால் ஒடுக்கம். வானவில் மாதிரி வளைந்து போனால் அகலம்.

அப்படியானால் முதுகுக் காற்றில் பின்வீச்சை ஒடுக்கமாகவும் தாழ்வாகவும் போட வேண்டும், முன்வீச்சைச் சற்று மேல்நோக்கி, தாராளமான லூப்பாக விட வேண்டும். மேலே போன லைனைக் காற்று தூக்கிக்கொண்டு போகும். கடலிலிருந்து முகத்தில் அடிக்கிற காற்றுக்கு இதைத் தலைகீழாக்குங்கள்: பின்வீச்சை உயர்த்தி, முன்வீச்சைத் தண்ணீரை நோக்கிச் சாய்த்து ஒடுக்கமாகப் போடுங்கள். கம்பை வழக்கத்தை விடத் தாழ்வாக நிறுத்தினால் லைன் விரிந்து முடியும் நேரத்தில் தண்ணீரைத் தொட்டுவிடும். உயரத்தில் விரிய விட்டால் காற்று ஃபிளையைத் திருப்பிக் கொண்டுவந்து உங்களிடமே தந்துவிடும்.

ஆனால் நிலாவெளியில் உங்களுக்கு இன்னொரு பிரச்சினை இருக்கிறது. கச்சான் தென்மேற்குக் காற்று, சரியாக முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதில்லை. கிழக்கே கடலைப் பார்த்து நின்றால் தென்மேற்கு என்பது உங்கள் வலத்தோளுக்குப் பின்பக்கம். வலக்கைக்காரருக்கு இதைவிட மோசமான காற்று கிடையாது, ஒவ்வொரு வீச்சிலும் முள்ளை உங்கள் தலைப் பக்கம் தள்ளும். இடக்கைக்காரர் அதிர்ஷ்டசாலிகள், அவர்கள் இந்தப் பந்தியை விட்டுவிடலாம்.

இதற்கு ஒரு வழி, கை வலப்பக்கமே இருக்க, கம்பு நுனியை மட்டும் தலைக்கு மேலால் சாய்த்து இடத்தோளுக்கு மேலே வீசுவது. லைன் காற்றுக்குக் கீழ்ப்பக்கமாகப் போகும். எனக்குப் பிடித்தது வேறு வழி. கடலுக்கு முதுகைக் காட்டி, தென்னந்தோப்பைப் பார்த்து நில்லுங்கள். முன்வீச்சைக் கரைப் பக்கம் காற்றை எதிர்த்துப் போடுங்கள், பின்வீச்சால் கடலுக்குள் ஃபிளையை விடுங்கள். இப்போது காற்று இடப்பக்கத்து முன்னாலிருந்து வருவதால் லைனை உங்களை விட்டு விலக்கித் தள்ளும். அதோடு, காற்றை எதிர்க்கிற வேலை உங்கள் பலமான முன்வீச்சுக்குப் போய்விடுகிறது, பலம் குறைந்த பின்வீச்சுக்குக் காற்றே உதவி செய்கிறது. கரையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். கரவலை இழுக்கிறவர்கள் ஒருமுறை, "அண்ணை, கடல் அந்தப் பக்கம்" என்று எனக்குக் கையைக் காட்டிச் சொன்னார்கள்.

இதைக் கற்றது எப்படி என்றால், காதைக் கொடுத்துத்தான். ஒரு ஆனி மாதம், வலப்பக்கக் காற்றைக் கவனிக்காமல் ஒரு வீச்சு கூடுதலாக ஆட்டினேன், முள் காதுமடலில் ஏறி மறுபக்கம் வந்துவிட்டது. கொண்டுபோன இடத்தில் ஒரு மணித்தியாலம் வாங்கிலில் உட்கார வைத்துவிட்டு, வந்தவர் போனவர் எல்லோரும் இது என்ன புதுவகைத் தோடா என்று பார்த்தார்கள். அன்றிலிருந்து குறட்டால் முள்ளின் எதிர்ச்செதிலை நசுக்கிவிட்டுத்தான் கட்டுகிறேன். நசுக்கிய முள் போன வழியே வரும். லைனை இறுக்கமாக வைத்திருந்தால் மீனும் அவ்வளவு லேசாகத் தப்பாது. தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் யாரும் வீசக் கூடாது. கண்ணுக்கு மாற்று இல்லை.

கே: புறாத்தீவைச் சுற்றி நல்ல பாரை இருக்கிறதாம். படகில் போய் அங்கே வீசலாமா? (குச்சவெளி)

ப: கூடாது. அது 2003 முதல் தேசியப் பூங்கா. மீன் பார்க்கப் போங்கள், கம்பை வீட்டில் வையுங்கள்.

கே: கிண்ணியாப் பக்கம் கண்டல் காட்டு ஓரத்தில் கொடுவா நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் என் முதுகுக்குப் பின்னாலும் கண்டல். பின்வீச்சுக்கு இடமே இல்லை. என்ன செய்ய? (கிண்ணியா)

ப: ரோல் காஸ்ட் பழகுங்கள். லைனைப் பின்னால் பறக்க விடாமலே முன்னால் உருட்டி விடுகிற வீச்சு இது.

லைன் உங்களுக்கு முன்னால் தண்ணீரில் கிடக்கட்டும். கம்பை மெதுவாக, மிக மெதுவாக, தண்ணீரில் லைன் வழுக்கி வரும்படி பின்னால் தூக்குங்கள். கை காதுக்குப் பக்கத்தில் வந்ததும், கம்பு சற்று வெளிப்பக்கம் சாய்ந்திருக்க, நிறுத்துங்கள். லைன் கம்பு நுனியிலிருந்து உங்கள் தோளுக்குப் பின்னால் தொங்கி, மறுபடி முன்னால் தண்ணீருக்குள் போகும். பக்கத்திலிருந்து பார்த்தால் கம்பு நாண், லைன் வில். அந்த வில் அமையும் வரை அசையாதீர்கள். பிறகு வழக்கமான முன்வீச்சுத்தான்: மெதுவாகத் தொடங்கி, வேகம் கூட்டி, உயரத்திலேயே நிறுத்தம். பலர் கோடரியால் விறகு கொத்துவது போல் கம்பைத் தண்ணீர் வரைக்கும் இறக்குகிறார்கள். அப்படிச் செய்தால் லைன் உருளாது, குவிந்து விழும்.

இதை மைதானத்தில் பழக முடியாது. லைனின் நுனியைத் தண்ணீர் பிடித்து வைத்திருப்பதால்தான் கம்பு வளைகிறது, புல்லுக்கு அந்தப் பிடி இல்லை. உள்துறைமுகக் கரையில் அலை குறைந்த இடம் ஒன்றைப் பாருங்கள், கடற்படையின் எல்லைக்குள் மட்டும் போய்விடாதீர்கள்.

ரோல் காஸ்ட் பெரிய தூரம் தராது. உங்களுக்கு அது தேவையும் இல்லை, கொடுவா நிற்பது 30 அடிக்குள். உங்களுக்குத் தேவை தாழ்வு. கண்டல் கிளை தண்ணீருக்கு மேல் இரண்டடியில் கவிந்து நிற்கும், கொடுவா அதன் நிழலில் முகத்தை வெளியே வைத்துக்கொண்டு நிற்கும். கரையோரமாகச் சற்று இடம் கிடைத்தால் கம்பைத் தண்ணீருக்குச் சமாந்தரமாகப் படுக்க வைத்து, பக்கவாட்டில் வீசுங்கள். ஒடுக்கமான லூப் கிளைக்குக் கீழே நுழைந்து போகும். நாம் குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தத்திப் போக எறிகிறோமே, அதே சாய்வு.

நம் பக்கத்தில் வற்றுப்பெருக்கு ஏறக்குறைய இரண்டடிதான், ஆனால் கொடுவாவுக்கு அதுவே போதும். தண்ணீர் வற்றத் தொடங்கும்போது கண்டலுக்குள் இருந்த சின்ன மீனும் இறாலும் வெளியே வரும் வாய்க்கால் வாயைப் பாருங்கள், அங்கே ஃபிளையை விட்டு மெதுவாக இழுங்கள். கொடுவாவின் உதடு அரம் மாதிரி, கன்னத்தில் வெட்டும் விளிம்பும் உண்டு. கடைசி ஓரடிக்கு 40 இறாத்தல் தங்கூசி கட்டாமல் போக வேண்டாம். இன்னொன்று: கொடுவா முதலில் ஆணாக இருந்து, பெரிதானதும் பெண்ணாக மாறும். பெரிய ஒன்று மாட்டினால் அது முட்டைத் தாய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நான் விட்டுவிடுகிறேன், நீங்கள் உங்கள் விருப்பம்.

கே: கிண்ணியாப் பாலத்தில் நின்று வீசினால் ஆழமான தண்ணீர் கிடைக்குமே? (கிண்ணியா, வேறொருவர்)

ப: 2009 இல் திறந்த அந்த 396 மீட்டர் பாலத்தில் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் பின்வீச்சுத் தூரத்தில் போகின்றன. யாருடைய ஹெல்மெட்டையாவது பிடித்துவிடுவீர்கள். அதோடு உயரத்திலிருந்து லைன் தொங்கும்போது தொய்வை எடுக்க முடியாது, மீன் கடித்தது தெரிவதற்குள் துப்பிவிடும். கீழே இறங்கி நில்லுங்கள்.

கே: நானும் பழக ஆசைப்படுகிறேன் ஐயா. அண்ணா கம்பைத் தொட விடுகிறாரில்லை, பெண்பிள்ளைக்குக் கைப்பலம் காணாது என்கிறார். டபுள் ஹோல் என்று ஒன்று இருக்கிறதாம், அதற்கு இன்னும் பலம் வேண்டுமா? (திருகோணமலை நகரம்)

ப: தங்கச்சி, இந்தப் பக்கத்தை அண்ணாவின் மேசையில் வைத்துவிடுங்கள். அமெரிக்காவில் ஜோன் வுல்ஃப் என்று ஒரு பெண், 1926 இல் பிறந்தவர். 1951 இல் ஆண்கள் மட்டுமே போட்டியிட்ட தூர வீச்சுப் பந்தயம் ஒன்றில் இறங்கி வென்றார். பிற்காலத்தில் 161 அடி வரை வீசியிருக்கிறார். பெரிய உடம்புக்காரி ஒன்றும் இல்லை. அண்ணாவிடம் 60 அடி வீசிக் காட்டச் சொல்லுங்கள், பிறகு பலத்தைப் பற்றிக் கதைக்கலாம்.

டபுள் ஹோல் என்பது இடக்கையின் வேலை. வலக்கை கம்பை வேகம் கூட்டி நிறுத்தப் போகிற அந்த நொடியில், இடக்கை லைனைக் கீழ்நோக்கி ஒரு சுண்டு சுண்டி இழுக்கிறது. கம்பு இன்னும் கொஞ்சம் வளைகிறது, லைனின் வேகம் கூடுகிறது. உடனே, லைன் பின்னால் விரிந்துகொண்டிருக்கும்போதே, இடக்கை மேலே போய் இழுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முன்வீச்சிலும் இப்படியே. பட்டம் விடுகிறவர்கள் நூலைச் சுண்டிவிட்டு இளக்கிக் கொடுப்பார்களே, அதுதான். எல்லோரும் இழுக்கப் பழகிவிடுகிறார்கள், கொடுக்க மறந்துவிடுகிறார்கள். கொடுக்காவிட்டால் இழுத்த லைன் முழுதும் தொய்வாக நடுவில் நின்றுவிடும், ஹோல் இல்லாமல் வீசியதை விட மோசமாக விழும்.

பழகும்போது கம்பைப் படுக்க வைத்து, புல்லுக்கு மேலே இடமும் வலமுமாக வீசுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் பிறகு லைனைத் தரையில் விழ விட்டு, கை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் சரியாக வந்த பிறகு மறுபக்கம். இரண்டையும் சேர்த்துக் காற்றில் செய்வது கடைசி. கையில் இழுக்கும் தூரம் ஒரு சாண் போதும்.

கே: லைன் நுனியில் கட்டும் தங்கூசியில் தானாகவே முடிச்சு விழுகிறது. காற்று முடிச்சு என்கிறார்கள். காற்றில்லாத நாளிலும் விழுகிறதே? (சாம்பல்தீவு)

ப: காற்றுக்குப் பெயர், குற்றம் கைக்கு. வீச்சின் தொடக்கத்திலேயே முழுப் பலத்தையும் கொடுத்தால் கம்பு சட்டென்று அதிகமாக வளைந்து, நுனி நேர்கோட்டை விட்டுக் கீழே குழிந்து மேலே வரும். லைனும் அதே குழியைப் பின்பற்றும். கொண்டையூசியின் மேல்கால் கீழ்க்காலைக் குறுக்கே வெட்டும், அங்கேதான் முடிச்சு. தூரமாக மீனைக் கண்டதும் 'இன்னும் ஒரு பத்தடி' என்று அவசரப்படும்போது இது நிச்சயம் வரும். லைனை நீட்ட நீட்ட, கை போகிற தூரத்தையும் நீட்டுங்கள், பலத்தைக் கடைசிக்கு வைத்திருங்கள். முடிச்சு விழுந்தால் சோம்பல் படாமல் வெட்டிவிட்டு வேறு கட்டுங்கள், அந்த இடத்தில் தங்கூசியின் பலம் பாதியாகக் குறைந்துவிடும், நல்ல மீன் வந்தால் அங்கேதான் அறும்.

பாரக் கண் வைத்த ஃபிளை கட்டுகிறவர்களுக்கு இன்னொரு விதி. கிளவுசர் மாதிரி தம்பெல் கண் கட்டிய ஃபிளைகள் ஒடுக்கமான லூப்பில் சரிவராது, கடைசியில் குதித்துக் கம்பை அடிக்கும், காபன் கம்பில் ஒரு கீறல் விழுந்தால் பிறகு ஒருநாள் அந்த இடத்தில் ஒடியும். அதற்குக் கம்பைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பின்னால் கொண்டுபோய், நிறுத்தாமல் வளைத்து, தலைக்கு மேலால் முன்னால் விடுங்கள். நிறுத்து நிறுத்து என்று இவ்வளவு நேரம் சொன்னவன் பின்பக்கம் நிறுத்தாதே என்கிறேன். ஆம், பாரம் நுனிக்குப் போனதும் சட்டமும் மாறிவிடுகிறது.

கே: கொட்டியாரக்குடாவில் ஆலாக்கள் கூட்டமாக விழும் இடத்தில் கட்டாவும் பாரையும் தண்ணீரைக் கொதிக்க வைக்கின்றன. நான் லைனை எடுத்து ஐந்தாறு தரம் ஆட்டி விடுவதற்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஓரிரண்டு கடித்தும் கழன்றுவிட்டன. (மூதூர்)

ப: ஐந்தாறு தரம் ஆட்டுவது யாருக்காக? மீனுக்கு அது தேவையில்லை. படகில் இரண்டு வெறும் வீச்சுக்கு மேல் கூடாது, ஒன்றில் முடிந்தால் இன்னும் நல்லது.

படகு ஓடும்போதே ஆயத்தமாக இருங்கள். வேண்டிய 50 அடி லைனை றீலிலிருந்து இழுத்து அப்படியே குவித்து வைக்காதீர்கள், ஏனென்றால் முதலில் போக வேண்டிய பகுதி குவியலின் அடியில் கிடக்கும், சிக்கும். ஒருமுறை வெளியே வீசிவிட்டுத் திரும்ப இழுத்துப் போடுங்கள், இப்போது முதலில் போக வேண்டியது மேலே இருக்கும். அதைப் படகின் தளத்தில் விடாமல் அகன்ற பிளாஸ்டிக் பேசினில் விழ விடுங்கள். பேசின் அடியில் துளையிட்டு ஏழெட்டுக் கேபிள் டைகளைச் செங்குத்தாக நிற்கும்படி மாட்டினால் லைன் சுருண்டு சேராது. செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள், லைனை மிதித்தால் உள்ளங்காலுக்குத் தெரியும். செருப்புக்குத் தெரியாது.

ஃபிளையை இடக்கையில் பிடித்துக்கொண்டு, கம்புக்கு வெளியே பத்தடி லைன் தொங்க விட்டு நில்லுங்கள். மீன் கொதிக்கும்போது ஃபிளையைத் தண்ணீரில் போட்டு, தண்ணீர் பிடித்திழுக்கும் பாரத்திலேயே கம்பை வளைத்து ஒரு பின்வீச்சு, உடனே முன்வீச்சு. இயந்திரத்தைக் கூட்டத்துக்கு மேல்காற்றுப் பக்கம் தூரத்திலேயே நிறுத்தி, காற்றோடு மிதந்து வரச் சொல்லிப் படகோட்டியிடம் முதலே பேசிக்கொள்ளுங்கள். நடுவில் ஓட்டிப்போனால் மீன் தாழும், ஆலாவும் உங்களைத் திட்டும். கூட்டத்தின் நடுவில் போடாமல் அது போகும் திசைக்கு முன்னால் போடுங்கள். கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் மாறி மாறி வேகமாக இழுங்கள். நீங்கள் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் பாரைக்கு அது மெதுவுதான்.

கழன்ற மீனுக்குக் காரணம், கடித்ததும் கம்பைத் தூக்கியிருப்பீர்கள். ஈயத் தூண்டிலில் அதுதான் பழக்கம். இங்கே கம்பைத் தூக்கினால் கம்பின் வளைவு இழுவையை விழுங்கிவிடும், முள் பாரையின் கடினமான வாயில் இறங்காது. கம்பு நுனி மீனையே பார்த்தபடி இருக்க, கையால் லைனை நீளமாக ஒரு இழுவை இழுங்கள். கனம் தெரிந்த பிறகு கம்பைத் தூக்கலாம். சீலா கூட்டமென்றால் தங்கூசிக்கு முன்னால் ஒரு சாண் கம்பி கட்டாமல் ஃபிளையைத் தானம் செய்யாதீர்கள்.

கே: நோர்வேயிலிருந்து கொண்டுவந்த என் லைன் இங்கே நனைந்த நூல் மாதிரித் துவண்டு, வளையங்களில் ஒட்டுகிறது. (ஆறாம் கட்டை)

ப: குளிர்த் தண்ணீருக்குச் செய்த லைன் நம் வெயிலில் இளகும். நானும் அங்கிருந்து வந்த முதல் வருடம் அதே லைனோடு மல்லுக்கட்டினேன். வெப்ப நாட்டுக்கென்று விறைப்பான உள்நூலோடு செய்த லைன்கள் இருக்கின்றன, அதைத்தான் கேட்டு வாங்குங்கள். அது வரும்வரை லைனை வெயிலில் வாகனத்துக்குள் விடாமல், ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். றீலையும் கழுவுங்கள், உப்பு அதை முதலில் தின்னும்.

கே: கடலுக்குப் போக வசதியில்லை. கந்தளாய்க் குளத்தில் இதே கம்பால் பழகலாமா? (கந்தளாய்)

ப: பழகலாம். ஆனால் எட்டாம் நம்பர் கம்பில் திலாப்பியா மாட்டினால் மாட்டியதே தெரியாது. ஐந்தாம் நம்பர் கிடைத்தால் வடிவாக இருக்கும், அதன் லைனின் முதல் 30 அடி 9 கிராம்தான், தண்ணீரில் சத்தமில்லாமல் விழும். விரால் வேண்டுமென்றால் தாமரை இலை ஓரத்தில், முள்ளில் புல் மாட்டாத மாதிரிக் கட்டிய மிதக்கும் ஃபிளையைப் போட்டு, பத்து எண்ணும் வரை அசைக்காமல் விட்டு, பிறகு ஒரு துடிப்புக் கொடுங்கள். அணைக்கட்டில் நின்று வீசும்போது பின்வீச்சு கட்டின் கல்லில் மோதும், உயர்த்தி வீசுங்கள். தண்ணீருக்குள் மட்டும் இறங்க வேண்டாம். அந்தக் குளத்தில் முதலை இருக்கிறது, நீங்கள் திரும்பிப் பின்வீச்சைப் பார்க்கும் நேரத்துக்காக அது காத்திருக்கலாம்.